இழை: எட்டு வார இணையவழிக் கணக்குப்பதிவுப் பாடத்தை எங்கிருந்து வடிவமைக்கத் தொடங்குவது?

திருமங்கலம்_ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலத்தில் ஒரு பயிற்சி மையத்தில் டேலி என்ற மென்பொருளில் கணக்குப்பதிவும், ஜிஎஸ்டி எனும் சரக்கு, சேவை வரிக் கணக்கும் கற்பித்து வருகிறேன். பேரையூர், கள்ளிக்குடி, உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களிலிருந்து பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் பெண்கள்தான் எங்களிடம் பெரும்பாலும் சேர்கிறார்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தினமும் பேருந்தேறி வந்துபோக முடியாமல் பாதியிலேயே நின்றுவிடுவோர் அவர்களில் பலர். இந்தக் காரணத்தால் பாடம் முழுவதையும் இணையவழிக்கு மாற்றிவிட நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது.

வகுப்பறையில் நடத்துகிற 40 மணி நேரப் பாடத்தை அப்படியே காணொளியாகப் பதிவு செய்து, எட்டு வாரங்களுக்குப் பிரித்து ஏற்றி, கடைசியில் ஒரு தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்குவது என்பதுதான் இப்போதைய திட்டம். எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. வகுப்பில் ஒரு மாணவி வரவையும் செலவையும் மாற்றி எழுதினால், அவள் தோளுக்குப் பின்னால் நின்றபடியே அதைப் பார்த்துவிடுகிறேன். அந்த இடத்திலேயே நிறுத்தி, ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டுவிடுகிறேன். பாடத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது. காணொளியில் அதற்கு இடமே இல்லை. மாணவிகளில் பெரும்பாலோரிடம் கணினி கிடையாது, கைப்பேசி மட்டும்தான் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

காணொளி எவ்வளவு நீளம் இருக்கலாம், நேரலை வகுப்பு கட்டாயமா, தேர்வை எப்படி நம்பகமாக நடத்துவது ஆகிய மூன்றும்தான் எனக்கு உடனடிக் கேள்விகள். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பசுமலை_பேராசிரியை எழுதியது:

தம்பி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் முன்னால் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எட்டாவது வாரம் முடிந்ததும் அந்தப் பெண் எந்த வேலையை யாருடைய உதவியும் இல்லாமல் செய்துகாட்ட வேண்டும்? அதை ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு சிறு கடையின் ஒரு மாதத்துக் கொள்முதல் பில்களையும் விற்பனை பில்களையும் கொடுத்தால், அவற்றைப் பிழையில்லாமல் பதிவு செய்து, மறுமாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கும் 20ஆம் தேதிக்குள் வரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கும் வேண்டிய தொகைகளை எடுத்துத் தர வேண்டும் என்று எழுதுவேன். அந்த வேலைக்கு முந்தைய படி எது, அதற்கும் முந்தையது எது என்று பின்னோக்கி நடந்து வந்தால் முதல் வாரத்துக்குப் போய்ச் சேர்வீர்கள். கிராண்ட் விக்கின்ஸ், ஜே மெக்டை என்ற இரு கல்வியாளர்கள் 1998இல் இந்தப் பின்னோக்கிய வடிவமைப்பை விரிவாக எழுதி வைத்தார்கள். கற்பிப்பவர் தமக்குப் பிடித்த தலைப்பிலிருந்து தொடங்காமல் கற்பவர் செய்துகாட்ட வேண்டிய செயலிலிருந்து தொடங்குவதுதான் அதன் சாரம்.

இப்படித் திட்டமிட்டால் 40 மணி நேரக் காணொளி தேவைப்படாது என்பதை நீங்களே காண்பீர்கள். கணக்குப்பதிவின் வரலாறு, கணினியின் தலைமுறைகள் என்று பாடத்தொடக்கத்தில் வழக்கமாக வந்து உட்காரும் பகுதிகள் அந்த இறுதி வேலைக்கு எந்த வகையிலும் உதவுவதில்லை. அவற்றைத் தயங்காமல் நீக்கலாம்.

நீளத்தைப் பொறுத்தவரை நல்ல தரவு ஒன்று இருக்கிறது. எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடந்த நான்கு பாடங்களின் ஏறத்தாழ 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து பிலிப் குவோவும் உடனாய்வாளர்களும் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் அதில் தங்கிய இடைநிலை நேரம் (நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்பது அவர்கள் கண்டது. வகுப்பறை விரிவுரையை உயர்ந்த கருவிகளால் படம்பிடித்துத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டாலும், இணையத்துக்கென்றே தயாரித்த காணொளிகளைப் போல அது மாணவர்களைப் பிடித்து வைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். உங்கள் நிர்வாகத்திடம் காட்ட வேண்டிய பகுதி இந்த இரண்டாவது முடிவுதான். வகுப்பை அப்படியே பதிவு செய்தால் செலவு குறையும் என்று அவர்கள் எண்ணுகிறார்கள்; யாரும் பார்க்காத காணொளிக்குக் கொடுத்த காசு முழுவதும் வீண் செலவுதானே.

காணொளி கடைசியில் வரட்டும். பயிற்சிகளை முதலில் எழுதுங்கள். எந்தப் பயிற்சியில் மாணவி தடுக்கி நிற்பாள் என்று உங்களுக்குத் தெரியுமோ, அந்த இடத்துக்கு மட்டும் காணொளி எடுங்கள்.

கேகேநகர்_ஒளிப்பதிவாளர் எழுதியது:

பேராசிரியர் அம்மா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் காணொளியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் பலரும் அதை அரைகுறையாக எடுத்தாலும் போதும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கல்விக் காணொளிகளுக்கு ஒலி, ஒளிப் பணி செய்து வருபவன் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

படம் சற்று மங்கலாக இருந்தால் கற்பவர் பொறுத்துக்கொள்வார். குரல் தெளிவாக இல்லையென்றால் இரண்டாவது நிமிடத்திலேயே மூடிவிடுவார். விலையுயர்ந்த கேமராவைத் தேடாமல் சட்டையில் குத்தும் ஒரு சிறு மைக்கை வாங்குங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டு, பீரோவும் துணிமணிகளும் உள்ள சிறிய அறையில் அமர்ந்து பேசினால் எதிரொலி பெருமளவு குறையும். சித்திரை, ஆடி மாதங்களில் நம் ஊர்ப்பக்கம் ஒலிபெருக்கி ஓயாது என்பதால் பதிவு வேலையை அதிகாலையில் வைத்துக்கொள்வது நல்லது.

திரையில் ஒரு பத்தியை முழுதாகப் போட்டு அதையே வரி பிசகாமல் வாசிப்பது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். கண்ணும் காதும் ஒரே சொற்களை இரண்டு வழியாகப் பெறும்போது கவனம் சிதறுகிறது என்பதை ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். திரையில் பில்லின் படம் இருக்கட்டும், விளக்கம் குரலில் வரட்டும். பேசுகிற கட்டத்தை மட்டும் சிவப்புக் கோட்டால் வட்டமிட்டுக் காட்டினால் போதுமானது. கைப்பேசித் திரையில் டேலியின் முழுப் பக்கத்தைக் காட்டினால் எழுத்து எறும்பு அளவில்தான் தெரியும் என்பதால், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பதியும் வவுச்சர் பகுதியை மட்டும் பெரிதாக்கிப் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தக் காணொளியை ஒரு சிறிய கைப்பேசியில், வெயிலில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

மேலூர்_வாசகி எழுதியது:

நான் கற்பிப்பவள் அல்லள், இணையவழியில் படித்தவள். மேலூரில் ஒரு கடையில் வேலை பார்த்துக்கொண்டே என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் தளம் நடத்தும் 12 வாரப் பாடம் ஒன்றை முடித்தேன். அந்த முறையில் எனக்கு உதவியவற்றையும் உதவாதவற்றையும் சொல்கிறேன்.

பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். வாரந்தோறும் ஒரு பயிற்சித்தாளைக் குறித்த நாளுக்குள் அனுப்ப வேண்டும். 12 பயிற்சித்தாள்களில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், இறுதித் தேர்வுக்கு 75 மதிப்பெண். இந்த ஏற்பாட்டில் இருக்கிற கருணை படித்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் ஒரு வாரம் விட்டுப்போனாலும் பாடம் கையை விட்டுப் போய்விடாது. அதே நேரத்தில் ஒவ்வொரு வாரமும் கெடு இருப்பதால் எல்லாவற்றையும் கடைசிக்குத் தள்ளிவிடவும் முடியாது. கெடுவே இல்லாமல் ‘உங்களுக்கு நேரம் கிடைக்கும்போது படியுங்கள்’ என்று திறந்துவிட்ட வேறு சில பாடங்களில் சேர்ந்து, ஒன்றைக்கூட நான் முடித்ததில்லை. குடும்பப் பெண்ணுக்கு நேரம் தானாகக் கிடைப்பதில்லை. கெடு ஒன்று இருந்தால்தான், அதைக் காட்டி வீட்டாரிடம் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு வாங்க முடிகிறது.

உதவாதது, வேறொரு தனியார் பாடத்தின் கேள்விப் பகுதி. நான் கேட்ட கேள்வி பதிலில்லாமல் அங்கேயே கிடந்தது. அடுத்த வாரம் வேறொருவர் அதே கேள்வியைக் கேட்டார், அதுவும் கிடந்தது. அதன் பிறகு நாங்கள் யாரும் எதையும் கேட்கவில்லை. ஒரு நாளுக்குள் பதில் வரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டு அதைக் காப்பாற்றுங்கள். எங்களுக்கு அதுவே பெரிய பலம்.

காணொளியைத் தரவிறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள். குறைந்த அளவில் ஒரு பிரதியும், வெறும் ஒலியாக ஒரு பிரதியும் கொடுத்தால் டேட்டா தீர்ந்துபோன இரவிலும் படிக்கலாம்.

திருமங்கலம்_ஆசிரியர் எழுதியது:

மிக்க நன்றி. பயிற்சிகளிலிருந்து தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். கூகுள் படிவத்தில் வாரம் ஒரு வினாத்தாள் வைக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் வெறும் மனப்பாடச் சோதனையாகவே முடிந்துவிடுகின்றன. தோளுக்குப் பின்னால் நின்று கேட்கிற அந்தக் கேள்வியைப் படிவத்தில் எப்படிக் கேட்பது?

பசுமலை_பேராசிரியை எழுதியது:

தவறான விடைகளை எழுதுவதில்தான் அது இருக்கிறது. வகுப்பில் உங்கள் மாணவிகள் வழக்கமாகச் செய்யும் பிழைகளைத் திரட்டி, ஒவ்வொரு பிழையையும் ஒரு விடையாக வையுங்கள். ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகவே எழுதிக் காட்டுகிறேன்.

மதுரை விளக்குத்தூண் பகுதியில் பதிவு பெற்ற ஜவுளி வியாபாரி ஒருவர், தலா 1,500 ரூபாய் விலையில் 20 ஆயத்தச் சட்டைகளைத் திண்டுக்கல்லில் உள்ள ஒரு கடைக்கு விற்கிறார். விலையில் வரி சேரவில்லை. வரி 5 சதவீதம். பில்லில் வரி எப்படி வர வேண்டும்? சரக்கின் மதிப்பு 30,000 ரூபாய். ஒரே மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனை என்பதால், மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டி 750, மாநில அரசின் பங்கான எஸ்ஜிஎஸ்டி 750 என்பது சரியான விடை. மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது வரும் ஐஜிஎஸ்டி 1,500 என்று ஒரு விடை வையுங்கள். அதைத் தேர்ந்தெடுக்கும் மாணவி மாவட்டம் மாறுவதை மாநிலம் மாறுவதாக எண்ணுகிறாள். சிஜிஎஸ்டி 1,500, எஸ்ஜிஎஸ்டி 1,500 என்று இன்னொன்று. அவள் ஐந்து சதவீதத்தை இரண்டு வரிக்கும் தனித்தனியாகப் போடுகிறாள். மொத்த வரி 1,428 ரூபாய் 57 காசு என்பது நான்காவது. அவள் 30,000க்குள்ளேயே வரி அடங்கியிருப்பதாக எடுத்துக்கொண்டாள். எந்த விடையைத் தொட்டாள் என்று பார்த்த உடனேயே அவள் எங்கே நிற்கிறாள் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

கூகுள் படிவத்தில் விடைக்கு ஏற்ப வெவ்வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. ஐஜிஎஸ்டி என்று சொன்னவளை, இரண்டு நிமிட விளக்கத்துக்கு அனுப்பி, கடை பாலக்காட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். அப்போது ஐஜிஎஸ்டி 1,500தான் சரி என்பதை அவளே ஒப்பிட்டுப் புரிந்துகொள்வாள். சரி, தவறு என்று மட்டும் காட்டிவிட்டு நிறுத்தும் வினாத்தாளைக் காட்டிலும் இப்படிப்பட்ட ஐந்து கேள்விகள் அதிகம் கற்பிக்கும்.

பழைய வாரப் பாடங்களிலிருந்து இரண்டு கேள்விகளை ஒவ்வொரு வாரமும் சேருங்கள். ரோடிகர், கார்ப்பிக்கே இருவரும் 2006இல் நடத்திய சோதனைகளில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள்; ஆனால் ஒரு வாரம் கழித்து, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். காணொளியை மறுபடி பார்ப்பது புரிந்துவிட்டது என்ற நிறைவைத் தருகிறது. எட்டாம் வாரம் பில்களோடு உட்காரும்போது கைகொடுப்பது நினைவிலிருந்து எடுத்துப் பழகியதுதான்.

சிம்மக்கல்_தணிக்கை_அலுவலகம் எழுதியது:

உங்களிடம் படித்து வருகிறவர்களை வேலைக்கு எடுக்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பேராசிரியர் அம்மா கொடுத்த எடுத்துக்காட்டிலேயே வடிவமைப்புக்கான ஒரு பாடம் இருக்கிறது. ஆயத்த ஆடை ஒன்றின் விலை 1,000 ரூபாயைத் தாண்டினால் 12 சதவீதம் என்றிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்று மாறியது. அதே நாளில் பல பொருள்களின் வரியும் மாறியது. அதற்கு முன் பதிவு செய்த காணொளிகளில் அதே 1,500 ரூபாய்ச் சட்டைக்கு 12 சதவீதம் என்று சொல்லிக் கணக்குப் போட்டிருப்பார்கள். அவை இன்றும் அப்படியே இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஆகவே மாறக்கூடிய எண்களைக் காணொளியில் பேசாதீர்கள். கணக்கிடும் முறை காணொளியில் இருக்கட்டும். வரி விகிதம், கெடு தேதி, ஜிஎஸ்டி பதிவுக்கான விற்றுமுதல் வரம்பு ஆகியவற்றை ஒரு பக்கக் குறிப்பாகத் தனியே வைத்து, மேலே திருத்திய தேதியைப் போடுங்கள். மாறும்போது அந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும்.

அடுத்தது மென்பொருள். டேலியின் இலவசக் கல்விப் பதிப்பு மாதத்தின் சில தேதிகளில் மட்டுமே பதிவு செய்ய விடும். உங்கள் பயிற்சி பில்கள் எல்லாவற்றுக்கும் மாதத்தின் 1 அல்லது 2ஆம் தேதியைக் கொடுத்துவிட்டால் இந்தத் தடை வராது. அதைக் கவனிக்காமல் 17ஆம் தேதி பில் ஒன்றைக் கொடுத்துவிட்டால், வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் மாணவி தன் கணினியில்தான் கோளாறு என்று நினைத்து அங்கேயே நின்றுவிடுவாள்.

கைப்பேசி மட்டும் உள்ளவர்களுக்கு முதல் நான்கு வாரமும் காகிதமே போதும் என்பது என் கருத்து. எது பற்று, எது வரவு, எந்த வவுச்சர் என்பதை நோட்டில் எழுதிப் படமெடுத்து அனுப்பட்டும். எஃப்8 அழுத்தினால் விற்பனை, எஃப்9 அழுத்தினால் கொள்முதல் என்பதை ஒரு பிற்பகலில் கற்றுக்கொள்ளலாம். சரக்கைத் திருப்பி அனுப்பினால் கணக்கில் என்ன நடக்கிறது என்பதை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது. எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குக் குறுக்குவிசை எல்லாம் தெரிகிறது, ஆனால் கசங்கிய பில் ஒன்றைக் கையில் கொடுத்தால் அதில் எது பில் எண், எது வாகன எண் என்று தேடுகிறார்கள். கணினிப் பயிற்சிக்கு ஐந்தாம் வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மையத்தைத் திறந்து வையுங்கள்.

வில்லாபுரம்_பயிற்றுநர் எழுதியது:

நேரலை வகுப்பைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. பதிவு செய்த பாடமும் படிவமும் மட்டும் போதும் என்ற எண்ணம் இந்த இழையில் மெல்ல உருவாகி வருவதாகத் தோன்றுகிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களை ஆராய்ந்து 2019இல் வெளியான கட்டுரையின்படி, 2017-18இல் அவற்றில் நுழைந்தவர்களுள் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். உலகின் மிகச் சிறந்த பேராசிரியர்களும் தயாரிப்பு வசதியும் இருந்தும் நிலைமை இதுதான் என்றால், பாடப்பொருளின் தரம் மட்டும் ஒருவரைக் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்காது என்றுதானே பொருள். அதே ஆண்டில் கட்டணம் செலுத்திச் சான்றிதழுக்காகச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முடித்தே தீர வேண்டும் என்ற உறுதியோடு வருகிறவர்களிலேயே பாதிக்கு மேல் நின்றுவிடுகிறார்கள்.

வாரம் ஒருமுறை, இரவு எட்டரை மணிக்கு மேல், 40 நிமிட நேரலை போதுமானது. அதில் புதிய பாடம் எதுவும் நடத்தக் கூடாது. அந்த வாரத்தில் வந்த பயிற்சித்தாள்களில் மூன்றை எடுத்து, பெயரை மறைத்துத் திரையில் காட்டி, இங்கே இவர் ஏன் இப்படி எழுதினார் என்று எல்லோரையும் கேளுங்கள். ஒலியைத் திறந்து பேசக் கூச்சப்படுகிறவர்கள் உரைப்பெட்டியில் எழுதட்டும். முப்பது பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்க்காதீர்கள்; குழு பெருத்தால் பேசுகிற நான்கு பேரே பேசிக்கொண்டிருப்பார்கள்.

மேலூர்_வாசகி எழுதியது:

நேரலை நல்லதுதான், ஆனால் அதைக் கட்டாயமாக்காதீர்கள். இரவு எட்டரைக்கு வீட்டில் சாப்பாடு பரிமாறுகிற நேரம். கலந்துகொள்ள முடியாதவர்கள் மறுநாள் பார்த்துவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் அனுப்பினால் வருகை கணக்கில் சேரும் என்று வையுங்கள்.

திருமங்கலம்_ஆசிரியர் எழுதியது:

இருவர் சொல்வதையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். நிர்வாகத்திடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். 40 மணி நேரப் பதிவைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். வாரத்துக்கு ஆறு, ஏழு சிறு காணொளிகள், ஒரு காகிதப் பயிற்சி, ஒரு படிவம், ஒரு நேரலை என்று வைத்திருக்கிறேன். பயிற்சித்தாள்களைத் திருத்த எனக்கும் சக ஆசிரியை ஒருவருக்கும் தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டேன், அதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியரின் வேலை காணொளி எடுத்ததோடு முடிந்துவிடாது என்பதை ஊதியக் கணக்கிலும் எழுத வைத்ததில் எனக்கு மிகுந்த நிறைவு.

தேர்வு மட்டும் மீதமிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் விடைகள் ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடும் என்ற கவலை நிர்வாகத்துக்கு இருக்கிறது.

பசுமலை_பேராசிரியை எழுதியது:

ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பில்கட்டு கொடுங்கள். அவர்கள் வீட்டில் வைத்து முடிக்கட்டும், ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். பிறகு காணொளி அழைப்பில் பத்து நிமிடம் உட்கார்ந்து, அவள் அனுப்பிய கணக்கிலிருந்தே மூன்று பதிவுகளைக் காட்டி, இதை ஏன் இப்படிப் பதிந்தாய், இந்தச் சரக்கு திரும்பி வந்தால் எந்த எண் மாறும் என்று கேளுங்கள். தானே செய்தவளும் வாங்கி எழுதியவளும் இரண்டாவது கேள்விக்குள் தெரிந்துவிடுவார்கள். முப்பது பேருக்குப் பத்து நிமிடம் என்றால் ஐந்து மணி நேரம். இரண்டு ஆசிரியர்களுக்கு இது பெரிய சுமையாக இருக்காது.

சிம்மக்கல்_தணிக்கை_அலுவலகம் எழுதியது:

பில்கட்டுகளை நான் தயாரித்துத் தருகிறேன். மளிகை, ஆயத்த ஆடை, இரும்புக்கடை என்று மூன்று வகைக் கடைகளுக்கும், பெயர்களையும் ஜிஎஸ்டி எண்களையும் மாற்றி, கையால் எழுதிய பில்களாகவே ஒரு மாதத்துக்குப் போதுமான அளவில் கொடுக்கிறேன். ஒவ்வொரு கட்டிலும் கேரளாவிலிருந்து வந்த கொள்முதல் ஒன்றும், சரக்குத் திரும்பியதற்கான கிரெடிட் நோட் ஒன்றும், கூட்டல் பிழையுள்ள பில் ஒன்றும் இருக்கும். கூட்டல் பிழையைக் கண்டுபிடித்த மாணவி அதைத் தானே திருத்திப் பதிந்துவிடக் கூடாது. கடைக்காரரிடம் கேட்டு மாற்றுப் பில் வாங்க வேண்டும் என்று எழுதி அனுப்ப வேண்டும். இதற்கான மதிப்பெண்ணை உங்கள் திருத்தக் குறிப்பில் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவரிடம் முதல் வாரத்தில் நாங்கள் பார்ப்பது அதைத்தான்.